மருந்துக் கை

கருத்தப்பாண்டி காலையில் வேலைக்குப் போகும்போது பேருக்கு ஏற்ற ஆளாகத்தான் போவான். சாயங்காலம் வரும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளி பூசிக்கொண்டு வருவான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு மருந்து செலுத்துகிற வேலை. பட்டாசுக்குள் போகிற பொடிக்கு இந்தப் பக்கம் மருந்து என்றுதான் பேர். அதில் அலுமினியப் பொடியும் சேர்த்தி. ஒரு பகல் அதற்குள் உட்கார்ந்து எழுந்தால் இமை முடிகூட மினுங்கும். காலையில் கருத்தப்பாண்டி, சாயங்காலம் வெள்ளைப்பாண்டி என்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் கேலி பேசுவாள். அவன் அந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்பது இந்த ஒரே கேலிதான். அவனும் அலுக்காமல் சிரிப்பான்.

கம்பெனி வேன் அவர்களைக் கிணற்றடித் தெரு முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து தெரு நடுவிலுள்ள அடிகுழாய் வரைக்கும் கருத்தப்பாண்டி எதையும் தொடமாட்டான். மருதாணி வைத்த பெண் நடப்பதுபோல இரண்டு கையையும் உடம்பை விட்டு விலக்கிப் பிடித்துக்கொண்டு வருவான். மருந்துக் கையால் அடுப்பைத் தொடக் கூடாது, தீப்பெட்டியைத் தொடக் கூடாது, பிள்ளையைத் தொடக் கூடாது. இதை இந்த வட்டாரத்தில் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பசித்தால் சாப்பிட வேண்டும் என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். கம்பெனியிலேயே குளித்துவிட்டு வரலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கம்பெனியில் தொட்டி உண்டு, கோடையில் அதற்குள் பல்லிதான் இருக்கும்.

அடிகுழாயடியில் அவன் பெண்சாதி பொன்னுத்தங்கம் காத்திருப்பாள். அவள் அடிக்க, அவன் தேங்காய் நாரும் சவுக்காரமும் போட்டுத் தேய்ப்பான். மகள் நாகஜோதி சோப்பு டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு எட்ட நிற்பாள். குளித்து முடித்ததும் அவன் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அவள் பக்கத்தில் வந்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். திருப்தியானால் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இல்லையென்றால், "நகத்துல இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். கம்பெனிக்குச் சோதனைக்கு வருகிற அதிகாரிகள்கூட இத்தனை கண்டிப்பில்லை என்று அவன் பொன்னுத்தங்கத்திடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அவனுக்குச் சொந்த ஊர் ஆனைக்குட்டம் பக்கம். அப்பாவுக்கு வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது, வானம்தான் அவர்களைப் பார்க்கவில்லை. மீசை முளைக்கும் முன்பே தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவன், பிறகு பட்டாசுக்கு மாறினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கருத்தப்பாண்டிக்கும் வாய் இருந்தது, சமயத்துக்குத் திறக்காது. கூலி ஏற்றிக் கேட்கப் போகிற கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று தலையாட்டிவிட்டு வருவான். கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளையில்லாமல், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடையாய் நடந்து பிறந்தவள் நாகஜோதி. அவளுக்கும் ஒரு தங்கையோ தம்பியோ வரவில்லை. அதனால் அவர்களுக்கு இருந்த ஆசையெல்லாம் ஒரே பிள்ளை மேல் வந்து குவிந்தது.

கிணற்றடித் தெரு ஒரு காலத்தில் சிவகாசியின் கடைசித் தெரு. ஒரு பக்கம் வரிசை வீடுகள், எல்லாம் பட்டாசு, தீப்பெட்டி ஆட்கள். எதிர்ப்பக்கம் பீர் முகைதீனின் கழிவுக் காகிதக் கிட்டங்கி. அச்சாபீசுகளில் வெட்டிப்போடுகிற காகிதத் துண்டையெல்லாம் வாங்கி, கட்டி, லோடு ஏற்றி அனுப்புகிற வியாபாரம். அப்புறம் நிலத்துக்கு விலை ஏறியது. ஏன் ஏறியது என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது, தரகனுக்கு மட்டும் தெரியும். பீர் முகைதீன் கிட்டங்கியை இடித்து நாலு மாடி கட்டினார். கீழ்வீட்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றார். பாங்கு அதிகாரிகள், டாக்டர்கள், அச்சாபீஸ் முதலாளிகளின் மகன்கள் என்று ஆட்கள் குடிவந்தார்கள். அவர்கள் வந்த சூட்டோடு தெருக்கோடிக் காட்டில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எழும்பியது. பள்ளிக்கூடத்துக்காக மாடி வந்ததா, மாடிக்காகப் பள்ளிக்கூடம் வந்ததா என்று டீக்கடையில் ஒரு மாதம் தர்க்கம் நடந்தது.

முதலில் வந்தது கார் இல்லை, பிள்ளைவண்டிதான். துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தள்ளுவண்டிகள். குடை, பெல்ட், பால் புட்டிக்குப் பை என்று சகலமும் அதில் உண்டு. சாயங்காலமானால் அம்மாமார்கள் அதைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்து வருவார்கள். இத்தனை நாள் இடுப்பில்தானே பிள்ளை இருந்தது, இப்போது இடுப்புக்கு என்ன வந்தது என்று ஆவுடைத்தாய் சத்தமாகவே கேட்டாள். மாடிக்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, தெருமுனையில் ஒரு போர்டு நட்டார்கள்: "குழந்தைகள் நடமாடும் தெரு, மெதுவாகச் செல்லவும்." வரிசை வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தெருவில் பிறந்ததிலிருந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்காக யாருக்கும் போர்டு வைக்கத் தோன்றியதில்லை.

அடுத்த பேச்சு அடிகுழாய் மேல் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் வெள்ளிப் பூச்சோடு ஒருத்தன் துண்டைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் குளிப்பது பார்க்க நன்றாயில்லை, பொடி காற்றில் பறந்து குழந்தைகள் மேல் படுகிறது என்றார்கள். இரண்டாவது சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காகத்தான் அவன் வீட்டுக்குள் போகாமல் எட்டவே குளிக்கிறான் என்பது மட்டும் அவர்கள் கணக்கில் வரவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதை என்றாள் ஆவுடைத்தாய். கருத்தப்பாண்டிக்கு அந்தக் கோடையில் வேறு நினைப்பு இருந்தது.

பள்ளிக்கூட பஸ் திரும்ப இடம் போதாமல், வரிசை வீட்டுக்காரர்கள் வாசல் கல்லையெல்லாம் பெயர்த்து வழி விட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகத் தெருப் பிள்ளைகளில் சிலரை எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்வதாகத் தாளாளர் வாக்குக் கொடுத்தார். பெற்றோரை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் இடம். நாகஜோதியைத் திங்கட்கிழமை காலையில் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

கருத்தப்பாண்டி வாழ்க்கையில் எதையும் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் அரசுப் பள்ளிக்குத்தான் போயின. படிப்பில் குறைவில்லை. ஆனால் பத்து வயதானால் லீவு நாளில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்ட உட்கார்வார்கள், பதினைந்தில் லீவு நாளே இருக்காது. அவனோடு மருந்து செலுத்திய இரண்டு பேர் போன வருஷம் ஒரே சத்தத்தில் போனார்கள். அவர்கள் வீட்டிலிருந்து அடுத்த மாதமே மகள்கள் அதே வேனில் ஏறினார்கள். வேனில் அவனுக்கு எதிர் சீட்டில் அந்தப் பெண்களில் ஒருத்தி உட்கார்ந்து வருவாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நாகஜோதி ஞாபகம் வரும்.

சனிக்கிழமை சம்பள நாள், வேன் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அன்றைக்கு அப்படி இறங்கி அவன் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது, மாடிவீட்டு வாசலில் பீர் முகைதீனின் மருமகள் ருமானா நின்றுகொண்டிருந்தாள். மதுரைக்காரி. புருஷன் சாதிக் பாட்சா சார்ஜாவில். வண்டியில் ஒரு வயசுப் பையன் ஹாமித், பக்கத்தில் மகள் நாஜியா. நாஜியாவின் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. ருமானா வண்டியை விட்டுவிட்டுக் குனிந்து வாரை மாட்டினாள். கண் மூடித் திறக்கிற நேரம்தான். கார் ஏறுவதற்காக அந்த வாசலைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் மெல்லப் புறப்பட்டு, பிறகு வேகம் பிடித்துத் தெருவுக்கு ஓடியது. தெருவில் அச்சாபீசுக்குக் காகித லோடு கொண்டுவந்த லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

கருத்தப்பாண்டி ஓடினான். கை இரண்டும் வண்டியைப் பிடிக்கத் தன்னால் நீண்டன, நீண்ட மாதிரியே தன்னால் பின்னுக்கு வந்தன. வண்டிக்குள் பிள்ளை இருந்தது, கையில் மருந்து இருந்தது. யோசித்துச் செய்தானா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. இடது காலை நீட்டி முன்சக்கரத்தில் கொடுத்தான். வண்டி சுழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து அவன் முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. பெல்ட் பிடித்துக்கொண்டதால் பிள்ளை விழவில்லை, வீறிட்டு அழுதது. லாரி பின்பக்கம் காட்டிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது. அவன் ஒற்றைக் காலில், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

ருமானா நிமிர்ந்து பார்த்தபோது லாரி போய்விட்டது. அவள் கண்ணில் பட்டது வெள்ளி பூசிய ஒரு ஆளும், தன் பிள்ளையின் வண்டி மேல் அவன் காலும்தான். ஓடிவந்து பிள்ளையை அள்ளினாள்.

"காலால ஒதச்சிட்டீகளே. பச்சப்புள்ள வண்டிய. அழுகுறானே, தூக்கக்கூடவா தோணல?"

கருத்தப்பாண்டி சொல்லியிருக்க வேண்டும். லாரி வந்தது என்றோ, கை ஆகாது என்றோ இரண்டு வார்த்தை போதும். அவன் வாயில் வந்தது வேறு.

"கழுவிட்டு வந்துர்றேன் தாயி" என்று சொல்லிவிட்டு அடிகுழாயைப் பார்த்து நடந்தான்.

இந்தத் தப்பை இந்த வட்டாரத்து ஆளைத் தவிர வேறு எந்த ஊர்க்காரனும் செய்யமாட்டான். மருந்துக் கையோடு எந்தக் காரியமும் செய்வதற்கில்லை, விளக்கம் சொல்வது உட்பட, என்று அவன் உடம்புக்குப் பழகிவிட்டது. முதலில் கை சுத்தமாக வேண்டும், பிறகு எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம். பொன்னுத்தங்கம் தண்ணீர் அடிக்க, அவன் அவசர அவசரமாகத் தேய்த்தான். ஆனாலும் அலுமினியப் பொடிக்கு அவசரம் தெரியாது. அவன் குளித்து, வேட்டி மாற்றி, தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மாடிவீட்டுக் கேட் சாத்தியிருந்தது.

கதை அதற்குள் மாடியேறிவிட்டது. ஒன்றாம் மாடியில் காலால் நிறுத்தினான் என்று இருந்தது இரண்டாம் மாடியில் காலால் உதைத்தான் என்றானது. மூன்றாம் மாடியில் குடித்துவிட்டு உதைத்தான். நாலாம் மாடியில் பிள்ளையின் கழுத்துச் சங்கிலிக்குக் குறிவைத்துத்தான் வண்டியை மறித்தான். கேட்கிறவன் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும். வரிசை வீட்டிலும் கதை சும்மா இருக்கவில்லை. பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்றார்கள். அவள் கையில் போனே இல்லை. ஆவுடைத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டாள். கருத்தப்பாண்டி அவள் முன்னால் போய் நின்று, திங்கட்கிழமை போகட்டும் அக்கா என்று கெஞ்சி உட்காரவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்சாதியும் மாடிவீட்டுக்குப் போனார்கள். காவலுக்கு இருந்த சோலைச்சாமி முன்பு அவனோடு ஒரே அறையில் மருந்து செலுத்தியவன். மூச்சு இழுப்பு வந்து கம்பெனியை விட்டு, இப்போது தொப்பி போட்டுக்கொண்டு கேட்டில் நிற்கிறான். அவனுக்கு விஷயம் சொல்லாமலே புரிந்திருந்தது, ஆனால் கேட்டைத் திறக்க உத்தரவில்லை. அவன்தான் மெதுவாகச் சொன்னான்: சங்கத் தலைவர் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாராம். அந்த ஆள் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்புவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றாராம். பொன்னுத்தங்கம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சோலைச்சாமி உள்ளே போய்ச் சொல்லி, பீர் முகைதீன் கைலியோடு எழுந்து வந்தார். முப்பது வருஷம் பட்டாசு ஆட்களோடு புழங்கிய மனிதர். கேட்டுக்கு வெளியே வந்து நின்று, இருவரையும் பார்த்தார்.

"ஏலே பாண்டி, மருந்துக் கையா?"

"ஆமா மொதலாளி."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, மருமகளிடம் சொல்வதாகச் சொன்னார். அவள் வெளியூர்ப் பிள்ளை, பயந்துபோயிருக்கிறாள், சொன்னால் கேட்டுக்கொள்வாள். மேல்மாடிகளைப் பற்றி அவரால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. "வித்துட்டேன்லே. இப்ப என் பேச்சு கீழ்வீட்டோட சரி" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திங்கட்கிழமை கருத்தப்பாண்டி லீவு போட்டான். எலுமிச்சம் பழத்தை நறுக்கி நகத்தில் தேய்த்தான், மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான், ஊசியால் கிண்டினான். சதையோடு சேர்ந்த இடத்தில் வெள்ளிக் கோடு அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நாகஜோதிக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, மூவரும் பள்ளிக்கூட வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள்.

வராந்தா உயரமானது, வழவழவென்று டைல் போட்டது. மழைத் தண்ணீர் வடிவதற்காகப் படிக்கட்டைப் பார்த்துச் சரிவாக இருந்தது. நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. மாடிவீட்டுப் பெற்றோர் வந்தார்கள், அவர்களைப் பார்த்தார்கள், பக்கத்து நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டு அந்தக் கோடியில் உட்கார்ந்தார்கள். ருமானா நாஜியாவோடும் பிள்ளைவண்டியோடும் வந்து மாடிவீட்டுக்காரர்களோடு உட்கார்ந்தாள். மாமனார் சொன்னாரா சொல்லவில்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பியூன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். முதலில் வந்து உட்கார்ந்தது கருத்தப்பாண்டி குடும்பம்தான். அவர்களுக்குப் பின்னால் வந்த பேரெல்லாம் உள்ளே போய்த் திரும்பியது. நாகஜோதி பேர் மட்டும் வரவில்லை.

பிள்ளைக்குக் காத்திருந்து சலித்துவிட்டது. அப்பா மடியில் ஏற வந்தவள், வழக்கம்போல நின்று, "கையக் காட்டு" என்றாள். அவன் நீட்டினான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் திருப்பிப் பார்த்தாள்.

"நகத்துல இருக்கு."

"அது போகாது தாயி. இன்னைக்கு ஒரு நா விட்ரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அம்மா மடியில் போய் ஏறிக்கொண்டாள். எதிர்க்கோடியில் நாஜியா வாயைப் பிளந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ருமானாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தப்பாண்டி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

நாகஜோதி தண்ணீர் கேட்டாள், பொன்னுத்தங்கம் அவளைக் கூட்டிக்கொண்டு பானையிருக்கிற பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்துப் பியூன் நாஜியா பேரைக் கூப்பிட்டான். வண்டியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னான். ஹாமித் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த டாக்டர் வீட்டு அம்மா கையை நீட்டினாள். ருமானா வண்டியை அவளைத் தாண்டித் தள்ளிக்கொண்டு, காலி நாற்காலிகளையெல்லாம் தாண்டி, கருத்தப்பாண்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அண்ணே, தூங்குறான். செத்த நேரம் பாத்துக்கிறீகளா?"

அவன் பதில் சொல்லும் முன் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழவழத் தரையில் வண்டி நிற்கவில்லை. படிக்கட்டைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. கருத்தப்பாண்டியின் கால் போய் முன்சக்கரத்தில் முட்டுக் கொடுத்தது. வண்டி நின்றது. நாற்காலி வரிசையில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தலைமையாசிரியையின் அறை ஜன்னல் அவனுக்கு நேரே திறந்திருந்தது. உள்ளே தலைமையாசிரியை ஏதோ கேட்க, ருமானா திரும்பி வராந்தாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் காலையும் பார்த்திருப்பார்கள். காலை எடுத்துவிட்டுக் கையால் பிடிக்கலாம். கழுவிய கைதான், எலுமிச்சம் பழம் போட்டுக் கழுவிய கை. பிடித்தால் பார்க்கிறவர்களுக்கு மரியாதையாக இருக்கும், பிள்ளைக்கு இடமும் கிடைக்கலாம். அவனுக்குப் பயமாக இருந்தது. மருந்து செலுத்துகிற அறையில்கூட அவன் அப்படிப் பயந்ததில்லை. ஆனால் தன் பிள்ளையே ஆகாது என்று ஒதுக்கிய கையை அடுத்தவள் பிள்ளையிடம் கொண்டுபோக அவனுக்கு மனசு வரவில்லை. கையைத் தொடைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ருமானா வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், சக்கரத்தில் இருந்த காலைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கிட்டேன். எடுத்துக்கங்கண்ணே" என்றாள்.

அவன் காலை எடுத்தான். கால் மரத்துப்போயிருந்தது. பியூன் நாகஜோதி பேரைக் கூப்பிட்டான்.

உள்ளே ருமானா என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாகஜோதிக்கு இடம் கிடைத்தது. இதனால் தெருவில் பாலும் தேனும் ஓடியதாக யாரும் நினைக்க வேண்டாம். தீபாவளி சீசன் மும்முரத்தில் அடிகுழாயைப் பிடுங்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கு இன்னும் இடம் தேவைப்பட்டதாம். சங்கம் கொடுத்த மனுவில் ருமானாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள் என்று சோலைச்சாமி சொன்னான். ஆவுடைத்தாய் அன்று முழுக்க ஏசினாள். கருத்தப்பாண்டிக்கு ருமானா மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், அவளுக்கும் பொடி பயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

குளிக்கிற இடம் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பம்புசெட் கிணறு என்றானது. அதற்குப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் போக வேண்டும். சாயங்காலம் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடுகிற நேரம். அங்கே டாக்டர் பிள்ளைகளுக்கும் பாங்கு அதிகாரி பிள்ளைகளுக்கும் நடுவில் நாகஜோதி டை கட்டிக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்க்க அவனுக்கு ஆசை, அவளை யாராவது தன்னோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். அதனால் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடி, கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, எட்டு வைத்து நடந்து போய்விடுவான். தன் மகளைத் தாண்டித் திருடனைப்போலப் போவது அவனுக்கு ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. பொன்னுத்தங்கத்திடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் கேட்டடியில் நின்ற பிள்ளைகள் அவனைப் பார்த்துவிட்டன. பேய், வெள்ளிப் பேய் என்று ஒன்று கத்த, எல்லாம் கம்பியில் வந்து அப்பிக்கொண்டன. கருத்தப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கூட்டினான்.

"பேயில்ல, எங்கப்பா" என்று நாகஜோதி சொல்வது கேட்டது. "கிட்டப் போகாதீக, மருந்துக் கை. கழுவிட்டு வந்தாத்தான் தொடணும்."

யாரோ அவளை நம்பாமல் ஏதோ கேட்டார்கள். அதற்கு நாஜியா பதில் சொன்னாள். "நெசந்தான். எங்க தம்பிய இவுகதான் காலால பிடிச்சாக."

கருத்தப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. நாலு எட்டு போனதும் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அப்படியே கிணற்றுக்கு நடந்தான்.